தத்தும் குண்டும் அதன் மறு ஆக்கங்களும்

1943 மே 16ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் விடியும் வரை, பிரிட்டிஷ் விமானப்படையின் 617ஆம் அணி ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலிருந்த அணைகள்மீது நடத்திய தாக்குதல், போர் வரலாற்றிலும் பொறியியல் வரலாற்றிலும் ஒருசேர இடம்பெற்றது. அந்தத் தாக்குதலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட, நீர்ப்பரப்பின்மேல் தத்திச் சென்று அணைச்சுவரை அடையும் குண்டு, அதன்பின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களோடு மீண்டும் செய்து பார்க்கப்பட்டது. பகைநாடு ஒரு முறையும், நேசநாடு ஒரு முறையும், அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகப் பொறியாளர் ஒருவர் இன்னொரு முறையும் மேற்கொண்ட இந்த முயற்சிகள், மூலக் கருவியின் இயல்பை ஆவணங்கள் காட்டுவதைவிடத் தெளிவாகக் காட்டுகின்றன.

அந்தத் தாக்குதலின் இலக்குகளுள் ஒன்றான மோனே அணை ஏறத்தாழ 40 மீட்டர் உயரமும் 650 மீட்டர் நீளமும் கொண்டது. அடித்தளத்தில் அதன் பருமன் 34 மீட்டர். தன் எடையாலேயே நீரின் தள்ளுவிசையைத் தாங்கி நிற்கும் இத்தகைய கட்டுமானம் ஈர்ப்பு அணை எனப்படும். உயரத்திலிருந்து வீசப்படும் குண்டு அத்தகைய அணையின்மீது குறி தவறாமல் விழுவது அரிது. விமானத்திலிருந்து நீருக்குள் ஏவப்படும் டார்பிடோக்களையோ, நீரில் தொங்கவிடப்பட்டிருந்த எஃகு வலைகள் தடுத்துவிடும். வேல்ஸ் நாட்டின் நான்ட்-இ-குரோ என்ற சிறிய அணையில் 1942 ஜூலையில் நடந்த சோதனை, வெடிமருந்து நீருக்கடியில் சுவரை ஒட்டியே வெடித்தால் ஒப்பளவில் சிறிய அளவே போதும் என்று நிறுவியது. சூழ்ந்திருக்கும் நீர் வெடிப்பின் ஆற்றலைச் சிதறவிடாமல் சுவரை நோக்கியே திருப்பிவிடுவதுதான் அதற்குக் காரணம்.

வலைகளைத் தாண்டிச் சென்று சுவரை ஒட்டி மூழ்கும் குண்டு ஒன்றை, விக்கர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் உருவாக்கினார். ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தவிடும் சிறுவர்கள் அறிந்திருக்கும் உண்மையே அவருக்கும் அடிப்படை: தாழ்வான கோணத்தில் வேகமாக வந்து படும் பொருளை நீர்ப்பரப்பு மேல்நோக்கித் தள்ளுகிறது. 1942இல் தம் வீட்டுத் தோட்டத்தில், நீர் நிரப்பிய தொட்டியின்மேல் கோலிக்குண்டுகளைக் கவண்பொறியால் ஏவிப் பார்த்த வாலிஸ், பின்னர் டெடிங்டனில் கப்பல் மாதிரிகளைச் சோதிக்கும் நீண்ட நீர்த்தொட்டிகளில் அந்தச் சோதனைகளை விரிவாக்கினார். முடிவில் உருவான ‘அப்கீப்’ என்னும் குண்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள உருளை. அதன் மொத்த எடை ஏறத்தாழ 4,200 கிலோ, அதில் ஏறத்தாழ 3,000 கிலோ வெடிமருந்து.

இக்கருவியின் உயிர்நாடி பின்சுழற்சி ஆகும். அதாவது, விமானம் செல்லும் திசைக்கு எதிராகக் குண்டை முன்கூட்டியே சுழலவைப்பது. தாக்குதலுக்குச் சென்ற லான்காஸ்டர் விமானத்தின் வயிற்றுப்புறத்தில் இரு தாங்குகைகளுக்கிடையே பொருத்தப்பட்ட உருளையை, ஒரு மோட்டார் வார்ப்பட்டை வழியாக நிமிடத்துக்கு 500 முறை சுழற்றியது. இந்தச் சுழற்சி குண்டு பக்கவாட்டில் சாயாமல் காத்தது. ஒவ்வொரு தத்தலிலும் அதன் வேகத்தைக் குறைத்து, விமானத்தைவிடப் பின்தங்கச் செய்தது. சுவரில் மோதியபின் விலகிப்போகாமல் சுவரை ஒட்டியே கீழிறங்கவும் வைத்தது. ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தை அடைந்ததும், நீரழுத்தத்தால் இயங்கும் வெடியூக்கி அதை வெடிக்கச் செய்தது.

இத்தனையும் கைகூட, விமானம் மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில், நீருக்கு மேல் 18 மீட்டர் உயரத்தில் மட்டுமே பறக்க வேண்டியிருந்தது. இரவில் அந்த உயரத்தை அறிய, விமானத்தின் அடியில் இரு விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளிவட்டங்கள் நீர்மேல் ஒன்றையொன்று தொடுமாறு பறந்தார்கள். தொலைவை அறிய, முக்கோண மரச்சட்டம் ஒன்றில் அடித்த இரு ஆணிகள் அணையின் இரு கோபுரங்களோடு நேராகும் கணத்தைக் கண்ணால் பார்த்துக் குண்டை விடுவித்தார்கள்.

மறு ஆக்கத்தை முதலில் முயன்றவர்கள் ஜெர்மானியரே. தாக்குதலுக்குச் சென்ற விமானங்களுள் ஒன்று வழியில் உயர்மின்னழுத்தக் கம்பிகளில் மோதி விழ, வெடிக்காத குண்டு முழுமையாக அவர்கள் கையில் சிக்கியது. அதை ஆராய்ந்து அளவெடுத்தவர்கள், ‘கூர்ட்’ என்ற பெயரில் 385 கிலோ எடையுள்ள குண்டை உருவாக்கி டிராவமுண்டேயில் சோதித்தபோதிலும், பின்சுழற்சியின் இன்றியமையாமையை உணரவில்லை. சுழலாத குண்டு விமானத்துக்கு இணையான வேகத்தில் தத்திவந்து விமானத்துக்கே ஆபத்தாயிற்று. ராக்கெட் உந்துதலைச் சேர்த்தும் குறை தீராமல், 1944இல் முயற்சி கைவிடப்பட்டது. உருவத்தைக் கையில் வைத்திருந்தும் இயக்கத்தின் காரணத்தை அறியாதவர்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. கப்பல்களைத் தாக்குவதற்கென வாலிஸ் வடிவமைத்த ‘ஹைபால்’ என்ற சிறிய வகையை அமெரிக்கர்கள் 1945இல் ஃபுளோரிடாவில் சோதித்தபோது, தாழ்வாகப் பறந்த விமானத்தின் வால்பகுதியை நீரிலிருந்து எழும்பிய குண்டே தாக்கி உடைக்க, விமானம் வீழ்ந்தது. உயரத்துக்கு வகுக்கப்பட்டிருந்த வரம்பு எத்துணைக் குறுகியது என்பதற்கு இந்த விபத்தே சான்று.

போருக்குப் பின்னும் குண்டின் விவரங்கள் மறைத்தே வைக்கப்பட்டிருந்தமையால், 1955இல் வெளிவந்த ‘தி டாம் பஸ்டர்ஸ்’ திரைப்படம் உருளைக்குப் பதிலாகக் கோள வடிவக் குண்டையே காட்டியது. அந்தத் தொழில்நுட்பத்தை முழு இயக்கத்தில் மீண்டும் காணும் வாய்ப்பு 2011இல்தான் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியாளர் ஹியூ ஹன்ட், தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றுக்காக, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் மெக்கன்சி என்ற ஊருக்கு அருகே மாதிரி அணை ஒன்றை எழுப்பச் செய்தார். லான்காஸ்டரைப் போலவே நான்கு உந்துவிசிறி எஞ்சின்களைக் கொண்ட டிசி-4 விமானத்தை பஃபலோ ஏர்வேஸ் விமானிகள் நீரையொட்டித் தாழ்வாகச் செலுத்தினார்கள். சுழலவைத்து விடுவிக்கப்பட்ட வெடிமருந்தற்ற குண்டு நீர்மேல் தத்திச் சென்று அணையை அடைந்தது. பின்னர், சுவரருகே தனியாக வைத்த வெடிமருந்தை வெடிக்கச் செய்து மாதிரி அணையை உடைத்தார்கள்.

இந்த மறு ஆக்கத்தின் பெறுமதி, பழைய வெற்றியைக் கொண்டாடுவதில் இல்லை. வேகம், உயரம், சுழற்சி, தொலைவு ஆகிய நான்கையும் ஒரே கணத்தில் ஒன்றிணைப்பது, அமைதிக்காலத்தில், பகல் வெளிச்சத்தில், எவரும் சுடாத வானத்தில்கூடக் கடினம் என்று அது உறுதிப்படுத்தியது. கணிப்பொறி இல்லாத காலத்தில் சில மாதங்களில் இதைச் சாதித்தவர்களின் திறன் அதனால்தான் சரியாக அளவிடப்படுகிறது. ஆயினும், பறத்தலையும் வெடித்தலையும் அந்தச் சோதனை பிரித்தே நடத்த வேண்டியிருந்தது என்பதில் மறு ஆக்கத்தின் எல்லையும் அடங்கியிருக்கிறது. 1943இல் சென்ற 19 விமானங்களுள் 8 திரும்பவில்லை; 133 வீரர்களுள் 53 பேர் மாண்டனர். தாக்கப்பட்ட அணைகளுள் மோனே, ஏடர் இரண்டும் உடைந்து பாய்ந்த வெள்ளத்தில் 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர், தங்கள் நாடுகளிலிருந்து பிடித்துவரப்பட்டு வேலைவாங்கப்பட்ட அயல்நாட்டுத் தொழிலாளர்களும் போர்க்கைதிகளும் ஆவர். மோனே அணையோ அதே ஆண்டின் செப்டம்பருக்குள் சீரமைக்கப்பட்டுவிட்டது.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, உடைந்தால் குடிமக்களுக்குப் பேரிழப்பு விளைவிக்கும் அணைகளைத் தாக்குவதை, சில விதிவிலக்குகளோடு தடைசெய்கிறது. வாலிஸின் கண்டுபிடிப்பை ஆராய்பவர் அதன் இயற்பியலையும் அது பறித்த உயிர்களையும் ஒரே கணக்கில் எழுதக் கடமைப்பட்டவர். அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு, எத்தனை முறை செய்து காட்டினாலும் முழுமை பெறாது.