குளிர்நீர் உடையின் வரலாறும் தெரிந்தெடுக்கும் முறையும்

குளிர்ந்த நீரில் இறங்கும் மனிதனுக்கு முதற்பகை ஆழம் அன்று, குளிரே. காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு மிகுதியாக வெப்பத்தைக் கடத்த வல்லது நீர். 20 பாகைச் செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் ஒருவர் இனிது அமர்ந்திருக்கலாம். அதே வெப்பமுள்ள ஏரியில் நெடுநேரம் கிடப்பின் அவர் உடல் நடுங்கத் தொடங்கும். அந்நடுக்கத்தை வெல்ல மேனாட்டார் கண்ட உடையே ‘வெட்சூட்’ என்பது. ‘ஈர உடை’ என்பது அச்சொல்லின் நேர்பொருள்.

வெதுவெதுப்பான கடலில் நீந்திப் பழகிய மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு இவ்வுடை அயலானதாகத் தோன்றலாம். ஆயினும் அதன் வரலாறு, அவர்தம் முன்னோர் வெட்டிய பால்மரத்தின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது.

பால்மரமும் செயற்கை ரப்பரும்

1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகவே, மலாயாத் தோட்டங்களும் பெருகின. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே குடிபுகுந்தனர். முதல் உலகப் போருக்குப் பின் விலை வீழ்ந்தபோது, பிரிட்டிஷ் அரசு 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறியது. 1925இல் ஒரு பவுண்டு ரப்பர் ஓர் அமெரிக்க டாலரையும் தாண்டியது. ரப்பரைப் பெருமளவில் வாங்கிய அமெரிக்கா, மரமின்றி ரப்பர் செய்ய வழி உண்டா என்று முனைந்து தேடலாயிற்று.

அவ்வழியின் முதல் தடத்தைக் காட்டியவர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்த பாதிரியார் ஜூலியஸ் நியூலண்ட் ஆவார். அசிட்டிலின் வாயுவைப் பற்றிய அவர் ஆய்வை டூபாண்ட் நிறுவனத்தார் மேற்கொண்டனர். அந்நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் பணியாற்றிய ஆர்னால்டு காலின்ஸ், 1930ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் குளோரோப்பிரீன் என்னும் நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். அது தானே இறுகி ரப்பர்போல் துள்ளும் பொருளாயிற்று. 1931இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அப்பொருளே பின்னர் நியோப்பிரீன் எனப் பெயர் பெற்றது.

நியோப்பிரீன்தான் தோட்ட ரப்பரின் விலையை வீழ்த்தியது என்று கருதுதல் பிழையாம். அது வருமுன்னரே விலை சரிந்துவிட்டது. சரித்தது உலகப் பொருளாதார மந்தம். அம்மந்தக் காலத்தில் மலாயாவிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். நியோப்பிரீனோ மரத்து ரப்பரைவிட விலை மிக்கது. எண்ணெயையும் வெயிலையும் தாங்கும் வன்மையால் மட்டுமே அது சந்தையில் நிலைத்தது.

ஓர் இயற்பியலாரின் எண்ணம்

நீரில் மூழ்குவோர் முன்னாளில் அணிந்தவை நீர் புகாத ரப்பர் உடைகள். சிறு கிழிசல் ஏற்படினும் குளிர்நீர் உட்புகும், உடை பயனற்றுப்போகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டு ஆய்வில் பங்கு கொண்டவரும், பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவருமான ஹியூ பிராட்னர் வேறு வழியில் எண்ணினார். உடை நீரைத் தடுக்க வேண்டுவதில்லை. உடையின் பொருளுக்குள்ளேயே வாயு சிறைப்பட்டிருந்தால் உடல் நனைந்தாலும் வெப்பம் நீங்காது என்று 1951ஆம் ஆண்டு ஜூன் திங்களில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று கூறுகிறது. நுண்ணிய குமிழிகள் நிறைந்த நியோப்பிரீன் நுரை அவ்வெண்ணத்துக்கு ஏற்ற பொருளாயிற்று.

இங்கே பரவலான தவறு ஒன்றைக் களைதல் வேண்டும். உடைக்கும் தோலுக்கும் இடையே தங்கும் நீர் சூடேறி உடலைக் காக்கிறது என்று பலர் சொல்வர். காப்பது நீர் அன்று, நுரையின் குமிழிகளே. இடையிலுள்ள நீர் மெல்லிய படலமாய் அசையாதிருந்தால் தீங்கு செய்யாது. புதுநீர் ஓயாது புகுந்து வெளியேறினால் வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். உடை உடலோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

இவ்வுடையைக் கண்டவர் யார் என்பதில் நெடுங்காலம் வழக்கு இருந்தது. 1952இல் சான் பிரான்சிஸ்கோவில் கடை திறந்த ஜாக் ஓநீல் என்றனர் சிலர். தென் கலிபோர்னியாவின் மீஸ்ட்ரெல் சகோதரர் என்றனர் வேறு சிலர். ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தில் கரோலின் ரெய்னி பழைய கடிதங்களை ஆய்ந்து, 1998இல் அப்பெருமை பிராட்னருக்கே உரியது எனக் காட்டினார். மற்றவர் உடையை மக்களிடையே பரப்பினர், பெரும்பொருளும் ஈட்டினர். பிராட்னரோ காப்புரிமை பெறாமலே 2008இல் மறைந்தார்.

முப்போட்டியில் புகுந்த உடை

நீந்துதல், மிதிவண்டி ஓட்டுதல், ஓடுதல் ஆகிய மூன்றையும் ஒரே தொடராகச் செய்யும் டிரையத்லான் என்னும் முப்போட்டி, 1974 செப்டம்பர் 25ஆம் நாள் சான் டியேகோ நகரின் மிஷன் விரிகுடாவில் 46 பேருடன் நடைபெற்றது. 1978இல் ஹவாயியில் முதல் ‘அயர்ன்மேன்’ போட்டியில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தனர். குளிர்நாட்டு ஏரிகளுக்கும் இப்போட்டி பரவியபோது தக்க உடை தேவைப்பட்டது. அலைச்சறுக்கு உடைகள் தோளை இறுக்கிக் கையை வீச விடாது தடுத்தன. 1987இல் டான் எம்ஃபீல்டு என்பார் குவிண்டானா ரூ என்னும் தம் நிறுவனத்தின் வாயிலாக முப்போட்டிக்கென்றே ஓர் உடையை வெளியிட்டார்.

நுரை நீரில் மிதப்பது. ஆகவே அது நீந்துவோரின் இடுப்பையும் காலையும் மேலே தூக்கி நீரின் தடையைக் குறைக்கிறது. 1989இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்று, நொடிக்கு 1.25 மீட்டர் விரைவில் தடை 14 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. காப்பாக வந்த உடை இவ்வாறு வேகத்துக்கும் துணையாயிற்று. அதனாலேயே விதிகள் எழுந்தன. உலக முப்போட்டிக் கழகத்தின் விதிப்படி உடையின் தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. 1,500 மீட்டர் வரையுள்ள நீச்சலில், நீர் 20 பாகையை எட்டினால் முன்னணி வீரரும், 22 பாகையை எட்டினால் ஏனையோரும் இதனை அணிதல் கூடாது.

தெரிந்தெடுக்கும் முறை

மேற்கூறிய வரலாற்றை அறிந்தவர்க்கு உடையைத் தெரிந்தெடுத்தல் கடினமன்று. முதலாவது, போட்டி நடக்கும் நீரின் வெப்பத்தை அறிதல். மலேசிய, சிங்கப்பூர்க் கடல்களில் இவ்வுடைக்கு வேலையில்லை. குளிர்நாட்டுப் போட்டிக்குச் செல்வார்க்கே அது வேண்டும். இரண்டாவது, கைநீண்ட உடையா, கையற்ற உடையா என்பது. முன்னது வெப்பமும் மிதப்பும் மிகத் தரும். பின்னது தோளுக்கு விடுதலை தரும்.

மூன்றாவது, தடிமன் அமைந்துள்ள முறை. மார்பிலும் தொடையிலும் 4 அல்லது 5 மில்லிமீட்டரும், தோளில் 2 மில்லிமீட்டர் அளவும் இருத்தல் பொதுவழக்கு. கால் தாழ்ந்து நீந்தும் பழக்கமுடையார்க்குக் கீழ்ப்பகுதி தடித்த உடை பெரிதும் உதவும். இயல்பாகவே உடல் சமநிலையில் மிதக்கும் நல்ல நீச்சல்காரர்க்கு அத்துணை மிதப்பு தேவையில்லை; வளைந்து கொடுக்கும் தோளே முதன்மையானது.

நான்காவதும் தலையாயதும் அளவு. உயரம், எடை, மார்பளவு மூன்றையும் நோக்க வேண்டும். முதுகிலும் அக்குளிலும் மடிப்பும் இடைவெளியும் இருத்தலாகாது. கழுத்து இறுகிப் பற்ற வேண்டும். ஆனால் மூச்சைத் தடுத்தல் ஆகாது. கரையில் சற்றே இறுக்கமாகத் தோன்றுவது நீரில் தளர்ந்துவிடும். கரையிலேயே தளர்ந்திருப்பதோ நீரில் பையாகிவிடும். அணியும்போது நகம் படாமல் விரல் நுனியால் பற்றி, காலிலிருந்து மெல்ல மேலேற்ற வேண்டும். போட்டிக்கு முன்பே நீரில் அணிந்து நீந்தியும், விரைந்து கழற்றியும் பழகுதல் இன்றியமையாதது. பின்பு நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக.

மீண்டும் பால்மரம்

குளோரோப்பிரீன் மனிதர்க்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியது என்று 2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. உடையை அணிவார்க்கன்றி, அப்பொருளைச் செய்யும் ஆலையின் அருகே வாழ்வார்க்கே அச்சம் மிகுதி. 2016இல் பட்டகோனியா நிறுவனம், பால்மரத்து ரப்பரால் செய்த குளிர்நீர் உடைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்த மரத்தை நாடாதிருக்க வேதியியலார் முயன்றனரோ, அந்த மரத்தின் பாலை நோக்கியே உடைத்தொழிலின் ஒரு பகுதி திரும்பியிருக்கிறது. பொருளைக் கண்டவர் பெயரும் உடையைக் கண்டவர் பெயரும் ஏட்டில் ஏறிவிட்டன. விடியற்காலை இருளில் பால்மரம் வெட்டியவர் பெயர்களை எழுதும் கடமை இன்னும் எஞ்சியிருக்கிறது.