கரை மேலே ஒரு கிராவல் ரோடு

கிராவல் சைக்கிளிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, தெரியுமா? தார் ரோட்டை விட்டு விலகி, கார், பஸ் வராத மண் பாதையாகப் பார்த்து சைக்கிள் ஓட்டுவது. இதற்கென்று தனி சைக்கிள், தனி டயர். நல்ல சைக்கிள் என்றால் விலை லட்சத்தில். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சின்ன ஊரில் 2006-ல் முப்பத்து சொச்சம் பேரோடு ஆரம்பித்த பந்தயம், இன்று ஆயிரக்கணக்கில் ஆட்கள் வரும் திருவிழாவாகி விட்டது. 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன்ஷிப்பே நடத்தி விட்டார்கள்.

இதைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, செம்மண் கரையில் விடியற்காலை நாலரை மணிக்கு மிதித்துக்கொண்டு வந்த நம்ம ஊர் பால்காரர்கள் இதை ஐம்பது வருஷமாகச் செய்தவர்கள். அவர்களுக்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை. 'கிராவல்' என்ற வார்த்தைகூட நமக்குப் புதிதில்லை. வீடு கட்டும் இடத்தில் போய் நில்லுங்கள், "ரெண்டு லோடு கிராவல் அடிங்க" என்ற குரல் கேட்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுற்றி இப்படி வண்டி வராத பாதை எங்கே இருக்கிறது என்று தேடினால், முக்கால்வாசி ஏதோ ஒரு கரை மேலேதான் கொண்டு போய் விடும். காவிரிக் கரை, கொள்ளிடக் கரை, உய்யக்கொண்டான் கரை. இந்தப் பாதைகளை யாரும் பாதையாகப் போடவில்லை. ஆற்றைக் கட்டிப்போட மண்ணைக் கொட்டினார்கள், அந்த மண்ணைக் காவல் காக்க ஒரு ஆள் நடந்தான், அவன் நடந்த தடம்தான் ரோடானது. அதனால் இந்த ரோட்டின் சரித்திரம் என்பது கரையின் சரித்திரம்.

கரிகாலன் என்றதும் எல்லோரும் கல்லணை என்பார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்த ஒன்றைச் சொல்கிறேன். கரிகாலன் காவிரியில் செய்த வேலையைப் பற்றிப் பேசும் பழைய சாசனங்கள் அணையைவிடக் கரையைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த மாலேபாடு செப்பேடு, புண்ணியகுமாரன் என்ற தெலுங்குச் சோழ அரசனுடையது. அவன் தன்னைக் கரிகாலன் வம்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். காரணம், கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டி வெள்ளத்தை நிறுத்தியவன். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் இதே கரைக் கதையைத்தான் சொல்கிறது. அந்தக் கால ஆட்களுக்கு எது பெரிய சாதனை என்று இதிலிருந்து தெரிகிறது. அணை ஒரே இடத்தில் இருக்கும். கரை மைல் கணக்கில் ஓடும், எங்கே ஒரு எலி வளை போட்டாலும் ஊர் போய்விடும்.

மண் சுமந்தது யார்? இலங்கையின் பிற்காலக் கதை நூல்கள் 12,000 பேரைச் சோழ அரசன் சிறைபிடித்துக் கொண்டுபோய் காவிரியில் வேலை வாங்கினான் என்கின்றன. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அக்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கரை அடிமை வேலையாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்ம பள்ளிக்கூடப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

கட்டினால் போதுமா? ஒவ்வொரு வருஷமும் மண் அணைக்க வேண்டும். பி.காம் படிக்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். மெயின்டனன்ஸ் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? சோழர் காலக் கல்வெட்டு வரிகளில் 'காவேரிக் கரை வினியோகம்' என்று ஒன்று வருகிறது. கரைக்கென்றே தனியாக ஒரு வசூல்! இன்று செஸ் என்கிறோமே, அது மாதிரி. காசாகக் கொடுக்க முடியாதவன் உடம்பால் கொடுத்தான். அதற்குப் பெயர் குடிமராமத்து. கேட்க நன்றாக இருக்கும், ஊர் கூடி ஊர் வேலை. ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1858-ல் மதராஸ் மாகாணத்துக்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் சுற்று வட்டார ஆட்களை வேலைக்கு இழுக்க அதிகாரிக்கு அதிகாரம். மிராசுதார் கரை மேல் குடை பிடித்து நின்றிருப்பார். இடுப்பளவு தண்ணீரில் மூட்டை போட்டவர்கள் யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே கொஞ்சம் பூகோளம். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கல்லணைக்குப் பக்கத்தில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. கொள்ளிடம் தாழ்வாகவும் நேராகவும் ஓடுவது, காவிரி சுற்றி வளைத்துப் போவது. தண்ணீருக்கு எது பிடிக்கும்? நேர் வழிதான். 1800-களின் ஆரம்பத்தில் கொள்ளிடம் பெருத்து, காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய ஆரம்பித்தன. ஆர்தர் காட்டன் என்ற எஞ்சினீயர் (1821-ல் மதராஸுக்கு வந்தவர்) 1836-ல் ஆரம்பித்து முக்கொம்பில் மேலணையையும் கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். கல்லணை அடித்தளத்தைப் பார்த்துத்தான் மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கற்றேன் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். வெள்ளைக்காரரைப் பாராட்ட எனக்கு ஒன்றும் ஆசையில்லை, ஆனால் இந்த நேர்மைக்காகப் பாராட்டலாம்.

அணை வந்தபின் கரைக்கு வேலை கூடியது. பொதுப்பணித் துறை வந்தது, மதகுக்கும் கரைக்கும் லஸ்கர்கள் வந்தார்கள். கிராமத்தில் இன்றும் அந்தப் பெயர்தான், 'லஸ்கர்'. கரையைச் சுற்றி வருவது, கசிவு பார்ப்பது, ஷட்டரைத் தூக்குவது இறக்குவது. அதிகாரி குதிரையிலும் பிறகு ஜீப்பிலும் வந்து பார்ப்பதற்காகக் கரையின் தலையைச் சமன் செய்து செம்மண் கிராவல் போட்டார்கள். மழையில் சேறாகாது, வெயிலில் பிளக்காது. உலகத்தில் இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. ஆஸ்திரியாவில் டான்யூப் நதிக் கரையில் இன்று லட்சக்கணக்கானவர்கள் போகும் சைக்கிள் பாதை, ஒரு காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப் போன தடம்.

சைக்கிள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் இங்கிலாந்து சரக்கு: ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ். உத்தியோகஸ்தர் வண்டி. 1949-ல் முருகப்பா குடும்பத்தார் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆரம்பித்தபின் மெதுவாக எல்லோர் கைக்கும் வந்தது. வாடகை சைக்கிள் கடை, குரங்குப் பெடல், டைனமோ இல்லாமல் போனால் போலீஸ் பிடிப்பது, இதெல்லாம் உங்கள் அப்பாவைக் கேட்டால் இரண்டு மணி நேரம் சொல்வார். தீவுக்குள் விளைந்த வாழை இலைக் கட்டு கேரியரில் ஏறிக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனது. பக்கத்துப் புதுக்கோட்டையில் (1974 வரை அதில் பெரும்பகுதி திருச்சி மாவட்டம்தான்) 1990-களின் ஆரம்பத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலாராணி சுங்கத். குவாரியில் கல் உடைத்த பெண்கள்கூட ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள் என்று சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்கும் புருஷனுக்கும் காத்திருக்காமல் தண்ணீர்க் குடத்தோடு போய் வந்தார்கள். அவர்கள் ஓட்டியதும் பெரும்பாலும் மண் ரோட்டில்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. 1880-ல் அமெரிக்காவில் சைக்கிள்காரர்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். "சேறும் பள்ளமுமாக இருக்கிறது, நல்ல ரோடு போடு" என்று அரசாங்கத்தைப் பிடித்து உலுக்கினார்கள். நல்ல ரோடு வந்தது. அதில் கார் வந்தது. சைக்கிள்காரன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். நூறு வருஷம் கழித்து அவன் பேரன் கிராவல் ரோட்டைத் தேடி ஓடுகிறான்.

நம்ம கரைகளுக்கும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கொள்ளிடக் கரையில் இருக்கும் பஞ்சக்கரை ரோடு இன்று நல்ல தார் ரோடு, யாத்ரி நிவாஸ் வந்துவிட்டது, வேன்கள் பறக்கின்றன. திருவானைக்கோவிலிலிருந்து பனையபுரம், உத்தமர்சீலி வழியாகக் கல்லணை போகும் ரோடும் அப்படித்தான். இதை அநியாயம் என்று நான் எழுதினால் அது அயோக்கியத்தனம். எனக்குக் கரை ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும். அங்கே குடியிருக்கிறவருக்குத் தினமும். பிரசவ வலி எடுத்தவளை மண் பாதையில் ஆட்டோவில் கொண்டு போய்ப் பார்த்தால் தெரியும் கிராவலின் அழகு. கரை மேல் ஊர் இருக்கும் இடத்தில் தார் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் ஊரே இல்லாத நீளத்துக்கும் ரோட்டை அகலமாக்கிக்கொண்டே போவது யாருக்காக? அதில் முதலில் வருவது ஆம்புலன்ஸ் இல்லை, லாரி. வெறும் மண்ணால் ஆன கரை அது. நடக்கிற ஆளையும் சைக்கிளையும் எப்போதாவது ஜீப்பையும் தாங்கத் தலை சமன் செய்த கரையில் லோடு லாரி ஓடினால் என்ன ஆகும்? கொள்ளிடத்தில் வருஷக்கணக்கில் மணல் அள்ளியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2018 ஆகஸ்டில் பெரு வெள்ளம் வந்தபோது, 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ந் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. காட்டன் ஆரம்பித்து வைத்த அணை! வயசானது என்றார்கள், மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகை இறங்கியது என்றார்கள். இரண்டும் சேர்ந்துதான் என்பது என் கருத்து. பிறகு பக்கத்திலேயே புதிய கதவணை கட்டினார்கள். அணை போனால் மறுநாளே மந்திரி வருவார், டிவி வரும். கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தால் லஸ்கர் மட்டும்தான் பார்ப்பார். லஸ்கர் வேலைக்கும் இப்போது ஆள் குறைவு.

இன்னும் மண்ணாகவே இருக்கும் தடங்களில் போய்ப் பாருங்கள். மேலூர் வழியாக வண்ணத்துப்பூச்சிப் பூங்கா பக்கம் போய் அங்கிருந்து கரை ஏறலாம். பேட்டவாய்த்தலையிலிருந்து வாழவந்தான்கோட்டை ஏரி வரை ஓடும் உய்யக்கொண்டானை, ஊருக்கு வெளியே எங்கே வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் காலுக்குக் கீழே வாழைத் தோட்டம். லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. ப்ளஸ் ஒன்னில் கவர்ன்மென்ட் கொடுத்த சைக்கிளே போதும், டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். கருவேல முள் குத்தும், பஞ்சர் ஒட்டும் சாமானை மறக்காதீர்கள். ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்தால் மட்டும் போகாதீர்கள். உத்தமர்சீலி பக்கம் காவிரி தரைப்பாலத்தின் மேலேயே ஏறிக் கொள்ளிடத்துக்குப் போகும், ரோட்டை அடைத்து விடுவார்கள்.