கலப்பினத் தென்னையும் தீவக வளவும்

நயினாதீவு வளவுகளிற் பனையும் தென்னையும் அருகருகே நிற்பினும், கலப்பின வரலாறு தென்னைக்கே உரியது. 1932ஆம் ஆண்டில், அந்நாட் சென்னை மாகாணத்துக்குட்பட்டிருந்த நீலேசுவரம் ஆராய்ச்சிப் பண்ணையில், ஜே. எஸ். பட்டேல் நெட்டைத் தென்னையின் பெண்பூக்களுக்குக் குட்டைத் தென்னையின் மகரந்தத்தைச் சேர்ப்பித்தார். விரைந்து காய்க்கும் இயல்பும் மிகுவிளைவும் அக்கலப்பில் ஒருங்கே அமைந்தன. இலங்கையில் லுணுவில ஆராய்ச்சி நிலையத்தாரும் அவ்வழியே சென்று, 1950களில் அம்பகெல்லவில் விதைத்தோட்டம் அமைத்தனர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கலப்பின மரத்தின் காயை விதைத்தால், அடுத்த தலைமுறையிற் குணங்கள் பிரிந்துபோம். ஆகவே, வளவிலுள்ள நல்ல மரத்தின் நெற்றை முளைக்கவைக்கும் பழைய வழக்கம் இங்கே பயன்படாது. ஒவ்வொரு முறையும் கன்றுக்கு நிலையத்தையே நாட வேண்டும்.

பனையின் கதை வேறு. ஆண்பனையும் பெண்பனையும் தனித்தனியாதலின், ஒவ்வொரு பனங்கொட்டையும் இயற்கைக் கலப்பே. ஆயினும் பூக்கும்வரை ஆண், பெண் என்பதைத் தோற்றத்தால் அறியவியலாது. பூப்பதற்கோ 12 ஆண்டுகளுக்கு மேலாகும். ஆராய்வோன் ஒருவன் தன் பணிக்காலத்துள் இரு தலைமுறை காண்பதரிது. எனவே, பனைக்கு நல்விதை தெரிதலே வழியாம். நற்பனையின் கொட்டையனைத்தையும் கிழங்குப் பாத்தியில் இட்டுவிடாது, சிலவற்றை வேலியோரம் ஊன்றி வைத்தல் நம் கடன்.