கட்டுக்கதையும் வரலாறும்: ‘ஸ்பென்சர்’ திரைப்படத்தில் டயானாவின் குரல்

ஆய்வுச் சுருக்கம்

வேல்ஸ் இளவரசி டயானாவின் (1961–1997) வாழ்வில் மூன்று நாள்களைப் புனைவாகக் காட்டும் ‘ஸ்பென்சர்’ (2021) திரைப்படத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அவரது மனத்துயரைக் காட்டுவதில் படம் பெற்றுள்ள வெற்றியையும், அதே ஆண்டில் அவர் தம் வாழ்வைத் தாமே பதிவு செய்த செயலை விட்டுவிட்டதால் நேர்ந்துள்ள இழப்பையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: டயானா, ஸ்பென்சர், வரலாற்றுத் திரைப்படம், வாய்மொழிச் சான்று, பிரித்தானிய அரச குடும்பம்.

முன்னுரை

மறைந்த அரச குடும்பத்தினர் ஒருவரைப் பற்றிய திரைப்படம் வெளிவரும்போது, ‘இவையெல்லாம் உண்மையில் நிகழ்ந்தவையா?’ என்னும் வினா எழுவது இயல்பு. ‘தி கிரவுன்’ தொடரின் நான்காம் பருவம் 2020-இல் வெளியானபோது, அது புனைவு என்னும் அறிவிப்பைச் சேர்க்குமாறு பிரித்தானியப் பண்பாட்டுத் துறை அமைச்சரே நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். நிறுவனம் அதற்கு இணங்கவில்லை. அடுத்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பெற்ற ‘ஸ்பென்சர்’, உண்மையான துயரிலிருந்து பிறந்த கட்டுக்கதை என்று தொடக்கத்திலேயே தன்னை அறிவித்துக்கொள்கிறது.

இவ்வறிவிப்பு நேர்மையானது. ஆயினும் அதனால் மட்டும் வரலாற்று மாணவரின் வினாக்கள் தீர்ந்துவிடுவதில்லை. இப்படத்தை முதன்முறை கண்டபோது இக்கட்டுரையாளருக்கு இரக்கமே மேலோங்கியது. 1991-ஆம் ஆண்டின் நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபின் மீண்டும் கண்டபோது, அவ்விரக்கத்தோடு ஒரு நிறைவின்மையும் சேர்ந்துகொண்டது. அந்நிறைவின்மைக்கான காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படம் காட்டும் உலகம்

சிலி நாட்டு இயக்குநர் பாப்லோ லராயின் இயக்கிய இப்படத்திற்குத் திரைக்கதை எழுதியவர் ஸ்டீவன் நைட். டயானாவாக நடித்தவர் கிறிஸ்டன் ஸ்டூவர்ட். நார்ஃபோக் பகுதியிலுள்ள சாண்டிரிங்கம் மாளிகையில், 1991-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று நாள்களில் கதை நிகழ்கிறது. விருந்தினர்கள் வந்தவுடன் எடை பார்க்கப்படுகின்றனர். ஒவ்வொரு வேளை உணவுக்கும் எந்த ஆடை என்பது முன்னரே முடிவு செய்யப்பட்டிருக்கிறது. புகைப்படக்காரர்களுக்கு அஞ்சி இளவரசியின் அறைத் திரைச்சீலைகளும் தைத்து மூடப்படுகின்றன. உணவு மேசையில் கழுத்திலிருந்த முத்துமாலையை அறுத்து, முத்துக்களைச் சூப்போடு விழுங்குவதாக அவர் கற்பனை செய்கிறார். எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1536-இல் தலை துண்டிக்கப்பட்ட ஆன் பொலினின் ஆவி அவருக்குத் தோன்றுகிறது.

இவற்றுள் பெரும்பாலானவை புனைவே. எனினும் இவற்றின் வழியாகப் படம் ஓர் உண்மையைத் தொடுகிறது. அரண்மனை மரபு என்பது விழாக்களிலும் ஊர்வலங்களிலும் மட்டும் இயங்குவதன்று. உடல், உணவு, ஆடை, உறங்கும் அறை ஆகியவற்றின் மீதும் அது ஆட்சி செலுத்துகிறது. திரைப்படத்தை அச்சு நூலின் அளவுகோலால் மட்டும் அளத்தல் கூடாது என்பது வரலாற்றறிஞர் ராபர்ட் ரோசன்ஸ்டோன் வலியுறுத்திவரும் கருத்தாகும். அக்கருத்தை ஏற்றால், ஒரு பெண் அனுபவித்த அச்சத்தையும் மூச்சுமுட்டலையும் பார்வையாளர் தம் உடலாலேயே உணரச் செய்தது இப்படத்தின் தனிச்சிறப்பு எனலாம். எந்த ஆவணமும் இதனை எளிதில் செய்துவிட இயலாது.

1991: ஒலிநாடாக்களின் ஆண்டு

ஆனால் படம் தேர்ந்துகொண்ட ஆண்டே அதன் குறையையும் காட்டிக்கொடுக்கிறது. 1991-இல் டயானா இதழாளர் ஆண்ட்ரூ மார்ட்டனின் நூலுக்காகத் தம் வாழ்க்கையை ஒலிநாடாக்களில் பதிவு செய்தார். இருவரும் நேரில் சந்திக்கவில்லை. மார்ட்டன் எழுதியனுப்பிய வினாக்களை டயானாவின் நண்பரான மருத்துவர் ஜேம்ஸ் கோல்ட்ஹர்ஸ்ட் கென்சிங்டன் அரண்மனைக்கு எடுத்துச் சென்றார். விடைகள் ஒலிநாடாவில் திரும்பி வந்தன. 1992 ஜூன் மாதத்தில் நூல் வெளியானபோது, அதன் மூலச்சான்று டயானாவே என்பது மறைக்கப்பட்டது. அவர் இறந்த பின்னர், 1997-இல் வெளிவந்த திருத்திய பதிப்பிலேயே அவ்வுண்மை வெளிப்படுத்தப்பட்டது.

புலிமியா என்னும் உணவுண்ணல் கோளாறு, தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டமை, திருமணத்தில் மூன்றாம் ஒருவரின் குறுக்கீடு ஆகிய செய்திகளை உலகம் விரிவாக அறிந்தது இந்நூலின் வாயிலாகவே. ‘ஸ்பென்சர்’ படத்தின் உணர்வு மையங்களும் இவையே. அதாவது, டயானா அளித்த சான்றினைப் படம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அவர் சான்றளித்த செயலை விட்டுவிடுகிறது. துன்பம் திரையில் இருக்கிறது. அத்துன்பத்தைச் சொல்லத் துணிந்தவர் இல்லை. திரையிலுள்ள பெண் ஆவிகளோடு பேசுகிறார். வரலாற்றிலுள்ள பெண்ணோ, பிடிபட்டால் நேரும் விளைவை அறிந்தும், ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து பேசினார்.

படத்தின் முடிவில் டயானா வேட்டைக் களத்திலிருந்து தம் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு லண்டனுக்குக் காரில் செல்கிறார். உணவு வாங்குமிடத்தில் ஸ்பென்சர் என்னும் பிறந்தகத்துப் பெயரைக் கூறுகிறார். உள்ளத்தைத் தொடும் முடிவு இது. ஆனால் உண்மையான விடுதலை ஒரு பிற்பகலில் கிட்டவில்லை. 1992 பிப்ரவரியில் அவர் அரசுமுறைப் பயணமாகக் கணவருடன் இந்தியா வந்தார். தாஜ் மகாலின் முன் அவர் தனித்து அமர்ந்திருந்த புகைப்படம், அவரது மணவாழ்வின் தனிமைக்குச் சான்றாக உலகெங்கும் பேசப்பட்டது. 1992 டிசம்பர் 9-ஆம் நாள் இருவரும் பிரிந்து வாழவிருப்பதைப் பிரதமர் ஜான் மேஜர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். மணமுறிவு 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாளே நிறைவுற்றது. கடமை, திட்டமிடல், பேச்சுவார்த்தை, பொறுமை ஆகியவை நிறைந்த இந்நீண்ட பாதையைப் படம் ஒரே பாய்ச்சலில் கடந்துவிடுகிறது.

பூட்டிய வீடு

டயானா பிறந்த பார்க் ஹவுஸ் சாண்டிரிங்கம் வளாகத்திலேயே உள்ளது. படத்தில் அது பலகை அடித்து மூடப்பட்ட பாழ்வீடாகத் தோன்றுகிறது. இரவில் அவர் அதனுள் நுழைந்து தம் இளமைப் பருவத்தைத் தேடுகிறார். உண்மையில் அவ்வீடு 1987-ஆம் ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகள் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டிருந்தது. இதனைத் தகவல் பிழை என்று மட்டும் கருதவேண்டியதில்லை. கட்டுக்கதைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் இம்மாற்றம் செல்லும் திசை கருதத்தக்கது. டயானாவும் அதே 1987-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கையைக் கையுறையின்றிப் பற்றிக் குலுக்கி, அந்நோய் குறித்த பொதுமக்களின் அச்சத்தைக் குறைக்க உதவினார். வீட்டைப் பாழாக்கிய படத்தில் இப்பொதுவாழ்வுக்கும் இடமில்லை. அவரது உலகம் முழுவதையும் சிறையாகக் காட்டவேண்டிய தேவையே இரண்டையும் விலக்கியுள்ளது.

மறுபக்கம்

டயானாவின் சொற்களையே முழுமையான வரலாறாகக் கொள்ளவும் இயலாது. ஒலிநாடாக்கள் முறிந்துகொண்டிருந்த மணவாழ்வின் ஒரு தரப்பு மட்டுமே. 1995 நவம்பரில் பிபிசி ‘பனோரமா’ நிகழ்ச்சிக்கு அவர் அளித்த நேர்காணல், மார்ட்டின் பஷீர் கையாண்ட ஏமாற்று வழிகளால் பெறப்பட்டது என 2021 மே மாதத்தில் வெளியான டைசன் அறிக்கை உறுதிசெய்தது. அவர் வெளிப்படையாகப் பேசிய மேடையிலும் பிறரது சூழ்ச்சி கலந்திருந்தது. எனவே அவரது சான்றினை ஆய்ந்தே ஏற்கவேண்டும். ஆய்ந்து ஏற்பது வேறு. அவர் பேசியதையே மறந்துவிடுவது வேறு.

முடிவுரை

‘ஸ்பென்சர்’ டயானாவை இழிவுபடுத்தும் படமன்று. அவர்மீது உண்மையான பரிவு கொண்ட படம். அப்பரிவே அதன் எல்லையாகவும் அமைந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் என்னும் ஒற்றை வடிவத்தில் ஒருவரை நேசிக்கும்போது, அவர் எடுத்த முடிவுகளும் மேற்கொண்ட ஆபத்துகளும் பார்வையிலிருந்து மறைகின்றன. மறைந்தோர் தம் வரலாற்றைத் திருத்திச் சொல்ல மீண்டும் வருவதில்லை. ஆகவே, அவர்களது துயரைப் புனையும் கலைஞர், அத்துயரைப் பற்றி அவர்களே பேச முயன்ற தடயங்களுக்கும் இடமளித்தல் வேண்டும். டயானாவைப் பொறுத்தவரை அத்தடயம் தெளிவாகவே உள்ளது: படம் சித்திரிக்கும் அதே 1991-ஆம் ஆண்டில், அவர் தம் கதையைத் தம் குரலிலேயே சொல்லத் தொடங்கியிருந்தார்.