கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை: குசினிக் கணக்கின் 80 ஆண்டுகள்

விலைவாசியின் வரலாறு வழமையாக அரசாங்கத்தின் பக்கமிருந்தே எழுதப்படுகிறது. எந்த நிதியமைச்சர் எந்த மானியத்தை வெட்டினார், அதனால் எந்தப் பிரதமர் பதவி இழந்தார் என்பதெல்லாம் ஹன்சாட்டில் கிடக்கிறது. அதே விலையேற்றத்தை வீட்டுக்குள்ளே தாங்கிப் பிடித்த உம்மாமாரின் கணக்கு எங்கும் பதியப்படவில்லை. அந்தக் கணக்குக்குக் கொப்பி இருக்கவில்லை. சுண்டும் கொத்தும், முந்தானை முடிச்சும், றங்குப் பெட்டியும்தான் இருந்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் வீடுகளை முன்வைத்து அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1942 இலிருந்து தொடங்கலாம். அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்தது. அதிலும் பர்மா அரிசியே முதன்மையானது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. வீடுதோறும் கூப்பன் புத்தகம், ஊர்தோறும் சங்கக்கடை. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்திறங்கியது. அரிசி மாவில் சுட்ட ரொட்டியும் அவித்த புட்டும் கோதுமை மாவுக்கு மாறியது ருசிக்காக அல்ல, யுத்தத்தின் நிர்ப்பந்தத்தால். நிர்ப்பந்தமாக வந்தது பழக்கமாகி நின்றுவிட்டது.

அடுத்த அடி 1953 இல் விழுந்தது. கொரிய யுத்த காலத்தில் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறிக் கிடந்தது. டட்லி சேனாநாயக்க பிரதமர், ஜே.ஆர். ஜயவர்தன நிதியமைச்சர். ஒரு கொத்து பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தாலால் நாடு ஸ்தம்பித்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கப்பலில் கூடவேண்டி வந்தது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். தெருவில் நடந்தது இது. வீட்டுக்குள்ளே, 25 சதத்துக்கு வாங்கிய கொத்துக்கு இன்னும் 45 சதம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு விடை கண்டது பெண்கள்தான்.

அவர்களிடம் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது பிடியரிசி. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டுவிடுவார்கள். பள்ளிவாசலுக்கும் மதரசாவுக்கும் சேர்த்த பிடியரிசி ஒருபுறம், வீட்டின் அவசரத்துக்குச் சேர்த்தது மறுபுறம். ஒரு பிடியை 40 கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு இரண்டு உலைக்கு மாதத்தில் 2.4 கிலோ சேரும். ஏறத்தாழ ஒருவருக்கான ஃபித்ரா அளவு அது. சோற்றுப் பானையில் அந்தக் குறை தெரியாது; மாதக் கடைசியில் இருப்பு தெரியும்.

இரண்டாவது சீட்டு. பத்துப் பெண்கள் மாதம் இரண்டு ரூபாய் போட்டால், மாதாமாதம் ஒருத்தி 20 ரூபாய் எடுப்பாள். முந்தி எடுப்பவளுக்கு அது வட்டியில்லாக் கடன், பிந்தி எடுப்பவளுக்குச் சேமிப்பு. வங்கி வாசலை மிதிக்காத பெண்கள் நம்பிக்கை ஒன்றையே பிணையாக வைத்து நடத்திய நிதிநிறுவனம் அது.

மூன்றாவது காதிலும் கழுத்திலும் கிடந்த நகை. இங்கே ஒரு சங்கடமும் இருந்தது. வட்டி ஹராம் என்று அறிந்தவர்களும் பஞ்ச மாதத்தில் அடகுக்கடைப் படி ஏறியிருக்கிறார்கள். சொந்தக்காரரிடம் கைமாற்று, அது கிடைக்காவிட்டால் நகையை விற்பது, அதற்கும் மனம் வராதபோது அடகு. மார்க்கமும் வயிறும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய இடம் அது. அதைப் பற்றி வீட்டில் யாரும் உரத்துப் பேசியதில்லை.

இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. கணவனும் பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தில் உம்மா சாப்பிடுவாள். "எனக்குப் பசிக்கல்ல, நீங்க தின்னுங்க" என்ற வார்த்தை எத்தனையோ வீடுகளின் வரவு செலவைச் சரிக்கட்டியிருக்கிறது. இதைச் சிக்கனம் என்று புகழ்வது எளிது. உண்மையில் விலையேற்றத்தின் ஒரு பங்கைப் பெண்கள் தங்கள் உடம்பாலே கட்டினார்கள்.

1966 டிசம்பரில் டட்லியின் அடுத்த அரசாங்கம் வாரத்துக்கு இரண்டு கொத்து என்றிருந்த பங்கீட்டை ஒரு கொத்தாகக் குறைத்து, அதை இலவசமாகக் கொடுத்தது. 1970 தேர்தலில் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவருவோம் என்று மேடைகளில் முழங்கினார்கள். ஆட்சி மாறியது. ஆனால் 1973 இல் எண்ணெய் விலையும் உணவு விலையும் ஒன்றாக ஏற, பாணுக்கு வரிசை, சீனிக்குப் பங்கீடு. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோனால் வீதித் தடையில் சோதனை. அந்தத் தலைமுறை மரவள்ளிக்கிழங்கை மறக்காது.

ஆனாலும் எல்லா வீடும் ஒரேமாதிரி வாடவில்லை. வயல் உள்ளவனின் வீட்டில் நெல் கட்டிக் கிடந்தது. இறக்குமதிச் சீலைக்குத் தடை வந்ததால் மருதமுனைக் கைத்தறிக்குக் கிராக்கி கூடி, தறிச் சத்தம் ஓயாத வீடுகளில் காசு புழங்கியது. வாசலில் கோழி, வளவில் முருங்கை, பன் பாய் இழைக்கும் கை இவையெல்லாம் குசினிக் கணக்கின் வரவுகள். கடையில் விலை ஏறினாலும் இந்த வரவுக்குக் குறைவில்லை. பஞ்சத்தைத் தாண்டவைத்தது செலவைக் குறைத்தது மட்டுமல்ல. காசைச் சாராத இருப்பு இருந்ததும்தான்.

1977 இல் சந்தை திறந்தது. கடைகள் நிறைந்தன, மருதமுனைத் தறிகள் ஓய்ந்தன. 1978 இல் பங்கீடு மாதம் 300 ரூபாய்க்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு மட்டுமென்றாகி, 1979 இல் உணவு முத்திரையாக மாறியது. முத்திரையில் எழுதியிருந்தது காசுத் தொகை. கொத்து அரிசி எப்போதும் கொத்து அரிசிதான். ரூபாயோ வருடத்துக்கு வருடம் தேய்ந்தது. அதே காலத்தில் எமது பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். குடும்ப வருமானம் முழுக்கக் காசாயிற்று. அந்தக் காசில் பெரும்பங்கு எங்கே போனது? மகளுக்குச் சீதன வீடு கட்ட. இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆயுள் முழுக்கச் சீமெந்தும் கல்லுமாகவே சேமித்தது. வீடு நின்றது. அவசரத்துக்கு எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

2022 இல் அதன் விலை தெரிந்தது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். சீட்டும் கைவிட்டது. மாதம் 10,000 ரூபாய் போட்டு, பன்னிரண்டாவது மாதமான அந்தச் செப்டெம்பரில் 120,000 ரூபாயை எடுத்த பெண்ணுக்கு, ஒரு வருடத்துக்கு முன்னர் சுமார் 70,000 ரூபாய்க்கு வாங்கக்கூடிய சாமானே கிடைத்தது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதோடு, அடகு வட்டியும் ஏறியது. இப்போது அஸ்வெசும வருகிறது, அதுவும் காசுதான்.

ஆகவே "முந்தின பொம்பளைகள் சிக்கனமா இருந்தாங்க, இப்பத்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று பெருமூச்சு விடுவது வரலாறாகாது. இன்றைய பெண்ணும் அதே கணக்கைத்தான் பார்க்கிறாள். அவளுடைய பானையில் நெல்லில்லை, வளவில்லை, தறியில்லை. அவளுக்குப் புத்திமதி சொல்வதைவிட, எமது ஊர்கள் செய்யக்கூடியவை வேறு உண்டு. பிடியரிசியைப் பள்ளிவாசல் மட்டத்தில் திரும்பத் தொடங்கி ஒரு தானிய இருப்பு வைக்கலாம். அடகுக்கடைக்குப் போகாமல் காக்க, வட்டியில்லாக் கடன் நிதியை ஸகாத் அமைப்புகளோடு சேர்த்து நடத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு குடும்பத்தின் முப்பது வருடச் சேமிப்பை ஒரே சுவருக்குள் புதைக்கும் சீதன வீட்டைப் பற்றிக் குத்பாவிலும் குடும்பத்திலும் வாய்திறந்து பேசலாம். இவை நடந்தால், அடுத்த விலையேற்றத்தில் "எனக்குப் பசிக்கல்ல" என்று ஓர் உம்மா பொய் சொல்லத் தேவையிருக்காது.