அழகுக்கா, வேலைக்கா? - காரோட மீசை வரலாறு

முதல்லயே சொல்லிடறேன், இது மைலேஜ், ஹார்ஸ்பவர் பத்தின பதிவு இல்ல. எந்தக் கார் வாங்கலாம்னு யோசனை சொல்ற அளவுக்கு நம்மகிட்ட துட்டும் இல்ல :-) விலை ஒசந்த கார்கள்ல அங்கங்க ஒட்டிக்கிட்டிருக்கிற சாமான்கள் பத்தின பதிவு இது. மூக்கு நுனியில நிக்கிற பொம்மை, முன்பக்க கிரில், பக்கவாட்டு ஓட்டை, பின்னாடி றெக்கை, நாலு சைலன்சர் வாய். இதுல எது நெசமாவே வேலை செய்யுது? எது சும்மா மீசை மாதிரி? இதான் கேள்வி.

நம்ம மதுரையில இருந்தே ஆரம்பிப்போம்.

ஆணி பொறுக்கின ஊரு

டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911ல தொழில் ஆரம்பிச்ச காலத்துல, ரோடுங்கிறது மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும்தான். மாட்டுக்கு லாடம் அடிப்பாங்க. அந்த லாட ஆணி கழண்டு ரோடு பூரா கெடக்கும். டயர் பஞ்சர் ஆகாம பஸ் ஓட்டணுமே? காந்தம் கட்டின வண்டிய ரோட்டுல விட்டு ஆணி பொறுக்கினாங்கன்னு டிவிஎஸ் பத்திப் பேசறவங்க இன்னிக்கும் சொல்வாங்க. பாக்க அழகா இருந்திருக்காது. ஆனா பஸ் நேரத்துக்குப் போச்சு.

ரெண்டாம் உலகப்போர் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தப்ப இன்னொரு கூத்து. கரி அடுப்பையே வண்டியில மாட்டிட்டாங்க! டிவிஎஸ் கேஸ் பிளான்ட்னு பேரு. உருளை மாதிரி ஒரு தொட்டி. அதுல கரியப் போட்டு, காத்து கம்மியா விட்டு எரிச்சா கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அத ஆற வச்சு, தூசி வடிகட்டி இஞ்சினுக்கு அனுப்பினா வண்டி ஓடும். பெட்ரோல்ல வர்ற சக்தி வராது, மேடு ஏற மூச்சு வாங்கும். கூடவே கரிப்புகை, கரி மூட்டை. எவ்வளவு ஒசந்த காரா இருந்தாலும் இத மாட்டினா மூஞ்சி கெட்டுப் போகும். ஆனா அந்தத் தொட்டியில ஒரு ஆணிகூட வீண் இல்ல.

இது ஒரு கோடி. மறு கோடிக்குப் போவோம். அங்கயும் நம்ம தேசம்தான்.

ஆவி கக்கின அன்னம்

1910 வாக்குல கல்கத்தாவுல மேத்யூசன்னு ஒரு வெள்ளைக்காரர் அன்னப்பறவை வடிவத்துல ஒரு கார் செஞ்சு வாங்கினார். இங்கிலாந்துல புரூக்னு ஒரு கம்பெனி கட்டிக் குடுத்தது. முன்பக்கம் வளைஞ்ச கழுத்து, கண்ணுல பல்பு. முழுசும் அலங்காரம்னு நினைக்கிறீங்கள்ல? அதான் இல்ல. இஞ்சின் சூட்டுல வர்ற ஆவி அந்த அலகு வழியா பீச்சும். கூட்டம் ஒதுங்கி வழிவிடும். (வழிவிடலைன்னா வெந்து போகும்!) பிற்பாடு நாபா மகாராஜா கைக்குப் போயி, இப்ப நெதர்லாந்துல லௌமன் மியூசியத்துல நிக்குது.

அதாவது பொம்மையப் பாத்ததும் அலங்காரம்னு முடிவு பண்ணிடக் கூடாது. மறுபடி, கம்பியப் பாத்ததும் வேலைன்னும் முடிவு பண்ணிடக் கூடாது.

மூடி மேல நின்ன அம்மா

பழைய கார்கள்ல ரேடியேட்டர் வெளியவே தெரியும். தண்ணி ஊத்துற மூடி அதுக்கு மேல, ஓட்டுறவர் கண்ணுக்கு நேரா இருக்கும். டேஷ்போர்டுல சூடு காட்டுற மீட்டர் கெடையாது. அதனால 1912 சுமாருக்கு பாய்ஸ் மோட்டோமீட்டர்னு ஒரு சாமான் வந்தது. ரேடியேட்டர் மூடியிலயே ஒரு தெர்மாமீட்டர். ஓட்டிக்கிட்டே பாத்துக்கலாம். தண்ணி கொதிச்சா நிறுத்திடலாம்.

அந்த மூடி எடத்துலதான் பொம்மைங்களும் ஏறுச்சு. ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினவங்க கண்டதையும் மாட்டினது கம்பெனிக்குப் புடிக்கல. சார்லஸ் சைக்ஸ்ங்கிற சிற்பிகிட்ட சொல்லி 1911ல அந்தப் பறக்கிற அம்மா சிலைய செய்ய வச்சாங்க. ‘ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி’ன்னு பேரு.

அப்புறம் ரேடியேட்டர் பானெட்டுக்குள்ள போச்சு, மூடியும் உள்ள போச்சு, சூட்டுக் கணக்கு டேஷ்போர்டுக்கு வந்தது. பொம்மை மட்டும் எடத்த விடல! வேலை போன பிறகும் நாற்காலிய விடாத ஆளுங்கள நமக்குத் தெரியாதா என்ன. ஆனா குறுக்க வர்ற ஆளு மேல மோதினா அது குத்துமில்ல? அதனால 2003 ஃபேன்டம்ல இருந்து, இடிபட்டா அந்த அம்மா சட்டுனு உள்ள போயிடற மாதிரி செஞ்சிருக்காங்க. அலங்காரத்துக்காகவே ஒரு எந்திரம்.

திறந்து மூடின கம்பி

கிரில் கதையும் இதே. ரேடியேட்டருக்குக் காத்து போகணும், கல்லு படக்கூடாது. அதுக்குத்தான் கம்பி. பழைய ரோல்ஸ் ராய்ஸ்ல அந்த நெட்டுக்குத்துப் பட்டைங்க, ஜன்னல் பலகை மாதிரி திறந்து மூடும். இஞ்சின் குளுந்திருந்தா மூடி, சூடேறினா திறந்து. பின்னாடி அசையாத வெறும் பட்டையா ஆச்சு. 2020 கோஸ்ட்ல அதுக்குள்ள விளக்கும் வச்சாச்சு.

பிஎம்டபிள்யூவோட ரெட்டைச் சிறுநீரக கிரில் 1933ல 303ங்கிற மாடல்ல வந்தது. அப்ப அது காத்து போற வாசல். 2021ல வந்த ஐஎக்ஸ் மின்சாரக் கார். பெட்ரோல் இஞ்சின் இல்ல, அந்த வாசலும் வேணாம். ஆனாலும் அதே கிரில் பெருசா இருக்கு, மூடின சுவரா. வெறும் மீசைன்னு சொல்ல வாயெடுத்தா, அதுக்குப் பின்னால கேமரா, ரேடார் எல்லாம் ஒளிச்சு வச்சிருக்காங்க. வேலை போன உறுப்புக்கு புது வேலை குடுத்துட்டாங்க!

இன்னொரு தமாஷ். பெட்ரோல் கார்கள்ல பலதுல இப்ப கிரில்லுக்குப் பின்னால தானா திறந்து மூடுற பலகை திரும்ப வந்திருக்கு. தேவையில்லாதப்ப மூடினா காத்துத் தடை கொறையும், எண்ணெய் மிச்சம். தொண்ணூறு வருஷம் சுத்தி அதே எடம்.

வாலும் ஓட்டையும்

வேலைய விட அலங்காரம் தூக்கலா வேணும்னா அமெரிக்காதான். 1948 கேடிலாக்ல பின்பக்கம் ரெண்டு வால். லாக்ஹீட் பி-38ங்கிற போர் விமானத்தப் பாத்து ஹார்லி ஏர்ல் ஆளுங்க வரைஞ்சது. 1959ல அது இன்னும் ஒசரமா வளர்ந்து நின்னுது. 1949 பியூக்ல பக்கவாட்டுல வரிசையா ஓட்டை. விலை கொறஞ்ச வண்டிக்கு மூணு, விலை ஒசந்த ரோட்மாஸ்டருக்கு நாலு. ஓட்டைய எண்ணியே ஆளோட வசதிய தெரிஞ்சுக்கலாம்.

அந்த வால் நம்ம ஊருக்கும் வந்துச்சு, கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி. நம்ம பிரீமியர் பத்மினி (1964ல ஃபியட் 1100 டிலைட்டா வந்தது) பின்பக்க ஓரத்தப் பாருங்க, சின்னதா ஒரு கூர்மை. அமெரிக்காக்காரன் போர் விமானம் இத்தாலி வழியா வந்து, 2000 வரைக்கும் நம்ம தெருவுக்குப் புதுசா வந்துக்கிட்டே இருந்துச்சு.

போர்ஷ 911ல வந்த வாலு வேற ரகம். 1973 கரேரா ஆர்எஸ்ல வாத்து வால் மாதிரி தூக்கி வச்சது, வேகத்துல பின்பக்கம் மேல எழும்பாம இருக்க. பார்வைக்கு ரெண்டும் வால்தான். ஒண்ணு வரைஞ்சவன் கனவு, இன்னொண்ணு காத்தோட கணக்கு.

கல்லுல ஆணி, தேருல குதிரை

சரி, வேலையில்லாத உறுப்பு எல்லாமே ஏமாத்து வேலையா? இங்கதான் எனக்கு நம்ம பக்கத்துக் கோயில் ஞாபகம் வருது.

மதுரையில இருந்து கிழக்க போனா புதுக்கோட்டை மாவட்டத்துல ஆவுடையார்கோயில். அங்க கொடுங்கைக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க. கல்லுதான். ஆனா மரக்கூரை மாதிரியே குறுக்குச் சட்டம், கம்பி, ஆணித்தலை எல்லாம் கல்லுலயே செதுக்கியிருப்பாங்க. கல்லுக்கு ஆணி எதுக்கு? வேலை ஒண்ணும் இல்ல. மரத்துல கட்டின காலத்தோட ஞாபகம் அது. ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலா’ மத்ததெல்லாம் செஞ்சு தரேன்னு ஸ்தபதிங்க ஒப்பந்தம் எழுதுவாங்களாம், அப்பேர்ப்பட்ட வேலை.

நம்ம சித்திரைத் தேரையே எடுங்க. முன்பக்கம் மரக்குதிரைங்க கால் தூக்கிப் பாயும். ஒரு அடி இழுக்குமா? இழுக்கிறது வடம், நிறுத்துறது முட்டுக்கட்டை. ஆனா மாசி வீதியில நிக்கிற சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், குதிரை இழுக்கலன்னு. யாரும் ஏமாறல. வடம் புடிக்கிறவன் கையில வடம் இருக்கு, கண்ணுக்குக் குதிரை இருக்கு.

அதனால என் கணக்குல ரோல்ஸ் ராய்ஸ் அம்மா தேர்க்குதிரை சாதி. வேலை போச்சு, ஞாபகம் நிக்குது. தப்பில்ல.

பொய் வாய்

தப்பு எங்க ஆரம்பிக்குதுன்னா, வேலை செய்யுதுன்னு நம்ப வைக்கும்போது.

மச்சான் ஒருத்தர் செகண்ட்ஸ்ல வெளிநாட்டுக் கார் வாங்கினார். (கம்பெனி பேரு வேணாம், சொந்தத்துல சண்டை வரும்.) “நாலு சைலன்சர் மாப்ளே”ன்னு பின்னாடி கூட்டிட்டுப் போயி காட்டினார். குனிஞ்சு பாத்தா பளபளன்னு இருந்த வாய்க்குள்ள ரெண்டு இஞ்சுல பிளாஸ்டிக் சுவரு. நெசக் குழாய் அதுக்கு உள்பக்கம், தரையப் பாத்து வளைஞ்சு ஒளிஞ்சிருக்கு. நான் வாயத் திறக்கல. இது அவரு காருல மட்டும் இல்ல, பெரிய ஜெர்மன் கம்பெனிகளோட மாடல்கள் பலதுலயே இதான் வழக்கம். பம்பருக்கு ஓரத்துல காத்து போற மாதிரி கறுப்பு வலை இருக்கும், தட்டிப் பாத்தா மூடின பலகை. டேஷ்போர்டுல தோல் தையல் மாதிரி இருக்கும், தடவிப் பாத்தா அச்சுல வார்த்த பிளாஸ்டிக்.

கல் ஆணியும் பொய் ஆணிதானேன்னு கேப்பீங்க. இல்லண்ணே. அந்த ஆணிய செதுக்கினவன் நெச ஆணி அடிக்கிறத விட நூறு மடங்கு கஷ்டப்பட்டான். இங்க கஷ்டத்த மிச்சம் புடிக்கத்தான் பொய் வாய். காசு மட்டும் நெச வாய்க்கு வாங்கறான்.

இதுகூட காசோட போச்சு. உயிரோட போறது ஒண்ணு இருக்கு. ராமநாதபுரம் ரோட்டுலயோ தேனி ரோட்டுலயோ நின்னு பாருங்க, பெரிய வண்டிகள்ல முன்னாடி தடியா இரும்புக் குழாய் கட்டியிருப்பாங்க. ஆடு மாடு குறுக்க வந்தா காருக்கு அடிபடாதாம். வேலை செய்யுற சாமான் மாதிரியே இருக்கும். ஆனா இப்ப வர்ற வண்டிங்க முன்பக்கம் நசுங்கி அதிர்ச்சிய வாங்கிக்கிற மாதிரி செஞ்சது. குழாய சேஸிஸ்ல முடுக்கிட்டா அந்த அதிர்ச்சி நேரா உள்ள இருக்கிறவங்களுக்கு. ஏர்பேக் சென்சாருக்கும் கணக்கு தப்பலாம். குறுக்க வந்தது மனுசனா இருந்தா கேக்கவே வேணாம். 2017 டிசம்பர்ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதுச்சு. ஆனாலும் கட்டுறாங்க. ஏன்னா அது பாதுகாப்புக்கு இல்ல, கெத்துக்கு. அதே வருஷம் மே 1ல இருந்து அமைச்சர் கார்ல சிவப்பு விளக்கு போச்சு பாருங்க, அந்தக் கெத்தோட தம்பிதான் இந்தக் குழாய். அவசரத்துக்கு வழிகேக்க வந்த விளக்கு, ஆளு பெரிய ஆளுன்னு சொல்ல ஆரம்பிச்ச கதை.

மறுபக்கம், படிக்கட்டுப் பலகையப் பாருங்க. பழைய கார்ல உசரமா ஏற வச்சது, நடுவுல காணாமப் போச்சு, இப்ப உசர வண்டிகள்ல திரும்ப வந்தாச்சு. படம் போட்டு விக்கிறவன் அத ஸ்டைலுங்கறான். பொடவை கட்டின நம்ம அம்மாக்களுக்கும் முட்டி வலிக்கிற அப்பாக்களுக்கும் அது படி.

ஆக மூணு ரகம். வேலை செய்யறது, ஞாபகத்துக்கு நிக்கிறது, வேலை செய்யற மாதிரி நடிக்கிறது. முதல் ரெண்டுக்கும் காசு குடுக்கலாம். மூணாவதக் கண்டுபிடிக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம். ஷோரூம்ல சேல்ஸ்காரர் பேசிக்கிட்டிருக்கும்போதே குனிஞ்சு ஒரு விரல விட்டுப் பாருங்க, போதும்.

டிஸ்கி: இஞ்சின் ஆறினப்புறம் விடுங்க சாமி. நெச சைலன்சரா இருந்தா விரல் வெந்துடும் :-)