லேப்டாப் பேட்டரி நிக்கலையா? மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஆன்லைன் இன்டர்வியூ நடந்துக்கிட்டிருக்கு. திடீர்னு கரன்ட் கட். 40% சார்ஜ் இருக்குன்னு தைரியமா உட்கார்ந்திருந்தா, அஞ்சே நிமிஷத்துல ஸ்க்ரீன் கறுப்பாகிடுது. 'பேசாம புது லேப்டாப்பே வாங்கிடலாமா?'ன்னு தோணுதா? அவசரப்படாதீங்க. மற்ற பாகங்கள் நன்றாக இருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றி இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். ஆனால், தப்பான பேட்டரியை வாங்கினால் காசும் போகும், ஆபத்தும் வரும்.

முதலில் டெஸ்ட் பண்ணுங்க

லேப்டாப்பில் இருப்பது லித்தியம்-அயன் பேட்டரி. சார்ஜ் ஏறி இறங்க இறங்க அதன் கொள்ளளவு குறையும். மொத்தமாக 100% அளவுக்குச் செலவழித்தால் ஒரு சைக்கிள். அதாவது, இன்று 50%, நாளை 50% என்றாலும் ஒரு சைக்கிள்தான். மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு 1,000 சைக்கிள். பல விண்டோஸ் லேப்டாப்களில் 300 முதல் 500 வரைதான்.

விண்டோஸில் 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, ஆங்கிலத்தில் 'பவர்' என்ற சொல்லுடன் சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி டைப் செய்யுங்கள். பிறகு ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதையொட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டினால் ஒரு ஃபைல் உருவாகும். அது எங்கே சேவ் ஆனது என்பதும் அங்கேயே தெரியும். அதில் 'டிசைன் கெபாசிட்டி' 40,000, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' 22,000 என்று இருந்தால், உங்கள் பேட்டரியில் மிச்சம் 55%தான். மாற்றும் நேரம் வந்துவிட்டது. 80%-க்கு மேல் இருந்தும் சீக்கிரம் காலியாகிறதா? பின்னணியில் ஓடும் ஆப்களையும் ஸ்க்ரீன் வெளிச்சத்தையும் முதலில் பாருங்கள். மேக்கில் செட்டிங்ஸுக்குள் 'பேட்டரி ஹெல்த்' பகுதியே சொல்லிவிடும்.

உப்பியிருக்கா? உடனே நிறுத்துங்க

டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, மூடி சரியாக மூடவில்லையா, அடிப்பாகம் மேசையில் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். இதில் 'இன்னும் ஒரு மாசம் ஓட்டிக்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். சார்ஜரைக் கழற்றி ஆஃப் செய்துவிடுங்கள். அழுத்துவது, குத்துவது, நெம்பிப் பார்ப்பது எதுவும் கூடாது. செல் கிழிந்தால் தீப்பிடிக்கும். நேராக சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

லேப்டாப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில்கூட வேறு வேறு பேட்டரிகள் வரும். பழைய பேட்டரி மேலேயே இருக்கும் பார்ட் நம்பரைப் பாருங்கள். வோல்ட்டும் கனெக்டரும் பொருந்த வேண்டும். எம்.ஏ.ஹெச் எண்ணைப் பார்த்து ஏமாறாமல், வாட்-அவர் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். 11.4 வோல்ட், 3.6 ஆம்பியர்-அவர் என்றால் சுமார் 41 வாட்-அவர்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் லேபிளில் ஐ.எஸ் 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனத்துடையது எனத் தெரிந்துவிடும். தயாரித்த தேதியும் முக்கியம். பெட்டியிலேயே கிடந்தாலும் பேட்டரிக்கு வயசாகும். பில்லும் வாரன்ட்டியும் இல்லாமல் வாங்காதீர்கள்.

நாமளே மாத்தலாமா?

வாரன்ட்டி இருந்தால் கை வைக்க வேண்டாம். மேக்புக் போல பேட்டரியை ஒட்டி வைத்திருக்கும் மாடல்களையும் சர்வீஸ் ஆட்களிடம் விடுங்கள். ஸ்க்ரூ மட்டும் போட்ட மாடல் என்றால், சார்ஜை 25%-க்குக் கீழே இறக்கி, ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் திறக்கலாம். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான ஸ்க்ரூவைத் தப்பான இடத்தில் முறுக்கினால் போர்டு காலி. உள்ளே முதலில் கழற்ற வேண்டியது பேட்டரி கனெக்டரைத்தான். அதற்கு பிளாஸ்டிக் கருவி போதும், இரும்பு ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள்.

பழசைக் குப்பையில் போடாதீங்க

2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரிலோ இ-வேஸ்ட் சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

புது பேட்டரி போட்டாச்சா? எப்போதும் சார்ஜரிலேயே வேலை பார்ப்பவர் என்றால், செட்டிங்ஸில் 80% சார்ஜ் லிமிட் வசதி இருக்கிறதா பார்த்து ஆன் செய்யுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்தினால் காற்று போகும் வழி அடைபட்டுச் சூடேறும். பேட்டரிக்குச் சூடுதான் பெரிய எதிரி!